பூச்சிக்கொல்லி தெளிக்கும் தொழிலாளர்களின் மரபணுச் சேதம்: பிள்ளைகளுக்குப் போகுமா, யாரைச் சோதிப்பது?

கரிசல்மேடு:

அனைவருக்கும் வணக்கம். பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். 2018ஆம் ஆண்டின் இறுதியில் படைப்புழு வருவதற்கு முன்பு எங்கள் ஊரில் மக்காச்சோளத்துக்குப் பெரிதாக யாரும் மருந்து அடித்ததில்லை. இப்போது இரண்டு பயிருக்கும் அடிக்க வேண்டியிருப்பதால், கூலிக்குத் தெளிப்பவர்கள் ஆவணியில் தொடங்கினால் தை வரைக்கும் தெளிப்பானை இறக்கி வைப்பதில்லை. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்து, நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் சேர்ந்தபோது, எங்கள் மாவட்டத்திலும் உயிரிழப்புகள் நேர்ந்தன. அந்த ஆண்டு எல்லோரும் உடனடி நஞ்சேற்றத்தைப் பற்றியே பேசினோம்.

இப்போது பேச்சு வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. இந்த மருந்துகள் மரபணுவையே கெடுத்துவிடும், அது பேரப்பிள்ளைகள் வரைக்கும் போகும் என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் பேசிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு தொழிலாளர்கள் என்னிடம் கேட்கும் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இதற்கிடையில் இன்னொரு யோசனையும் உலவுகிறது: இரத்தத்தில் மரபணுச் சோதனை செய்து, நஞ்சைத் தாங்கும் உடல்வாகு உள்ளவர்களை மட்டும் மருந்தடிக்க விடலாமாம். இரண்டைப் பற்றியும் துறை அறிந்தவர்கள் விரிவாக எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். பொதுவான எச்சரிக்கைகள் வேண்டாம். எது நிறுவப்பட்டது, எது நிறுவப்படவில்லை என்று பிரித்துச் சொன்னால் நான் அதை அப்படியே ஊரில் சொல்வேன்.

நுண்ணோக்கி:

நான் செல் மரபியல் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். அந்தக் கூட்டத்தில் பேசியவர் மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒன்றாகக் கலந்துவிட்டார் என்று தோன்றுகிறது. வேலை செய்பவரின் உடற்செல்களில் டிஎன்ஏ உடைவது ஒன்று. பிறப்பிலேயே அமைந்த மரபணு வேறுபாட்டால் ஒரே நஞ்சு ஒருவரை அதிகமாகவும் இன்னொருவரைக் குறைவாகவும் தாக்குவது இன்னொன்று. விந்தணு அல்லது சினைமுட்டை வழியாகச் சேதம் அடுத்த தலைமுறைக்குக் கடப்பது மூன்றாவது. முதலாவதற்குச் சான்று வலுவாக இருக்கிறது, இரண்டாவதற்கு ஓரளவு இருக்கிறது, மூன்றாவதற்கு மனிதர்களிடம் உறுதியான சான்று இல்லை.

முதலாவதிலிருந்து தொடங்குகிறேன். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, உடைந்த குரோமோசோம் துண்டோ பின்தங்கிவிட்ட ஒரு முழுக் குரோமோசோமோ புதிய செல்லின் உட்கருவுக்குள் சேராமல் வெளியே தனியாக ஒரு சிறு உருண்டையாக நின்றுவிடும். அதை நுண்கரு என்கிறோம். ஆயிரம் செல்களில் எத்தனை நுண்கருக்கள் தெரிகின்றன என்று எண்ணும் முறையை 1985இல் ஃபெனெக், மோர்லி ஆகிய இருவரும் செம்மைப்படுத்தினார்கள். இரத்தத்தின் நிணநீர்ச் செல்களிலும், கன்னத்தின் உட்புறத்தை மெல்லச் சுரண்டி எடுக்கும் செல்களிலும் இதைச் செய்யலாம். இன்னொன்று காமெட் சோதனை: ஒற்றைச் செல்லைக் கூழ்மத்தில் பதித்து மின்புலம் செலுத்தினால், முறிந்த டிஎன்ஏ இழைகள் கருவை விட்டு வால்போல் நீளும், வால் நீள நீள முறிவும் அதிகம் என்று பொருள். பசுமைக்குடில், பருத்தி வயல், பூச்சிக்கொல்லித் தொழிற்சாலை என்று பல நாடுகளில், பல இடங்களில் இந்த இரண்டு சோதனைகளாலும் தொழிலாளர்களை ஆராய்ந்திருக்கிறார்கள். பெரும்பாலான ஆய்வுகளில், தெளிப்பவர்களிடம் மற்றவர்களைவிடச் சேதம் கூடுதலாகத் தெரிகிறது. வேறுபாடே தெரியாத ஆய்வுகளும் இருக்கின்றன. பாதுகாப்புக் கவசம் அணிந்தவர்களிடம் வேறுபாடு குறைகிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டுவதால், சேதத்துக்குக் காரணம் வேலைதான் என்ற முடிவு வலுப்படுகிறது.

இந்த எண்ணிக்கை வெறும் ஆய்வகக் கணக்கு அல்ல. 2007இல் வெளியான ஓர் ஆய்வு, 10 நாடுகளைச் சேர்ந்த 6,718 பேரின் நுண்கரு எண்ணிக்கையையும் அவர்களுக்குப் பிற்காலத்தில் வந்த புற்றுநோயையும் ஒப்பிட்டது. எண்ணிக்கை அதிகமாக இருந்த பிரிவினருக்குக் குறைவாக இருந்தவர்களைவிடப் புற்றுநோய் வாய்ப்பு 1.53 மடங்காக இருந்தது. இதைக் கூட்டத்தின் கணக்காகக் கொள்ள வேண்டுமே தவிர, ஒரு தனி மனிதரின் சோதனை முடிவைப் பார்த்து அவருக்குப் புற்றுநோய் வரும் என்றோ வராது என்றோ யாரும் சொல்லக் கூடாது. வயது ஏற ஏற எண்ணிக்கை கூடும். ஆண்களைவிடப் பெண்களிடம் சற்று அதிகமாக இருக்கும். புகையிலையும் ஃபோலேட், பி12 ஆகிய வைட்டமின்களின் குறைபாடும் அதைக் கூட்டும். வெற்றிலையோடு புகையிலை போடும் ஒருவரின் கன்னச் செல்களைப் பார்த்துவிட்டு எல்லாம் மருந்தால் வந்தது என்று முடிவு கட்டினால், அந்த ஆய்வு முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும்.

குறிப்பிட்ட சேதங்களைப் பற்றியும் ஆய்வுகள் உண்டு. பிரான்சில் பூச்சிக்கொல்லி பயன்படுத்திய விவசாயிகளின் இரத்தத்தில், 14ஆம் குரோமோசோமும் 18ஆம் குரோமோசோமும் ஒன்றன் துண்டை ஒன்று மாற்றிக்கொண்ட செல்கள் அதிகமாக இருப்பதை 2009இல் காட்டினார்கள். ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் உருவாகும் வழியில் அது ஒரு தொடக்கப் படி. அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் 1993 முதல் ஏறத்தாழ 89,000 பேரைத் தொடர்ந்துவரும் வேளாண் நல ஆய்விலிருந்து 1,606 ஆண் விவசாயிகளை எடுத்துப் பார்த்து, வாழ்நாளில் மிக அதிகமாகக் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தெளித்தவர்களிடம், இரத்தச் செல்களில் கணிசமான பங்கு ஒய் குரோமோசோமை இழந்திருப்பது கூடுதலாகக் காணப்படுவதாக 2023இல் எழுதினார்கள். உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் லிண்டேனைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பிரிவிலும், மாலத்தியான், டையாசினான், கிளைபோசேட் ஆகியவற்றைப் புற்றுநோய் உண்டாக்கப் பெரிதும் வாய்ப்புள்ள பிரிவிலும் வைத்தது.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன், ஊரில் கேட்பது அதைத்தான். ஆந்திரத்தின் பருத்தி வயல்களில் மருந்தடித்த ஆண்களின் குடும்பங்களை ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழக மரபியலாளர்கள் ஆராய்ந்து, கருச்சிதைவு, இறந்தே பிறத்தல், பிறவிக் குறைபாடு ஆகியவை அதிகமாக இருப்பதை 1991இல் வெளியிட்டார்கள். 1977இல் கலிபோர்னியாவில் டிபிசிபி என்ற நூற்புழுக்கொல்லியைத் தயாரித்த ஆலையில் ஆண்கள் மலடானது கண்டறியப்பட்டது. பின்னர் கோஸ்டா ரிகாவின் வாழைத் தோட்டங்களிலும் அதே துயரம் வெளிவந்தது. ஆகவே இனப்பெருக்கம் பாதிக்கப்படக்கூடும் என்பதை மறுக்க வழியில்லை. ஆனால் கரு கலைவதும் மலட்டுத்தன்மையும் ஒரு பிழை தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்படுவதும் ஒன்றல்ல. 2005இல் கருவுற்ற எலிகளுக்கு வின்குளோசோலின் என்ற பூஞ்சைக்கொல்லியைக் கொடுத்தபோது நான்கு தலைமுறை வரை ஆண் வழியில் குறை தெரிந்ததாக ஓர் ஆய்வு வந்தது. கூட்டத்தில் பேசியவர் அதைத்தான் மனத்தில் வைத்திருக்கக்கூடும். அங்கே கொடுத்தது வயலில் படும் அளவைவிட மிக அதிகம். மனிதர்களிடம் அப்படியொரு தொடர்ச்சி நிறுவப்படவில்லை. அணுகுண்டுக் கதிர்வீச்சுக்கு ஆளான ஹிரோஷிமா, நாகசாகி மக்களின் பிள்ளைகளைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தும் பரம்பரைக் குறைபாடுகள் கூடியதாகத் தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சந்திரகிரி:

மேலே உள்ள கடைசிப் பத்தியை நான் மிகவும் வரவேற்கிறேன். காசர்கோட்டில் வாழும் தமிழன் நான். இங்கே கேரளத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்களில் 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லியை ஹெலிகாப்டரிலிருந்து தெளித்தார்கள். தோட்டத்தில் வேலை செய்தவர்கள் மட்டுமன்றி, அந்த மலைச்சரிவுகளில் ஓடும் நீரைக் குடித்த எல்லோரும் அதற்கு ஆளானார்கள். 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அதன் உற்பத்தியையும் விற்பனையையும் பயன்பாட்டையும் நிறுத்தியது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2017 ஜனவரியில் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் பணம் வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின.

உடல் நோய்க்கு அடுத்தபடியாக இங்கே மக்கள் அனுபவித்தது வேறொன்று. என்மகஜே போன்ற ஊராட்சிகளில் நல்ல உடல்நலத்தோடு வளர்ந்த பெண்களுக்கும் ஆண்களுக்கும் சம்பந்தம் பேச வருகிறவர்கள், ஊர்ப் பெயரைக் கேட்டதும் திரும்பிப் போனார்கள். "மரபணு கெட்ட ஊர்" என்ற சொல் அறிவியலிலிருந்து புறப்பட்டதோ இல்லையோ, அது வந்து விழுந்தது பெண் கொடுக்கும், பெண் எடுக்கும் திண்ணையில். கரிசல்மேடு ஐயா, உங்கள் ஊரில் இதைப் பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுப் பேசுங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். பாதிப்பை மறைக்கச் சொல்லவில்லை. பாதிப்பு உடற்செல்லில் இருக்கிறது, அதற்குக் காரணம் வெளியே இருக்கிறது, அதை நிறுத்த முடியும் என்று சொல்லுங்கள்.

மகசூல்:

உரக்கடை நடத்துகிறேன், எனக்கும் நிலம் இருக்கிறது. இங்கே எழுதியவர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் மருந்தில்லாமல் பருத்தி எடுத்துக் காட்டுங்கள் என்று கேட்டால் எங்கள் ஊரில் முன்வர ஆளில்லை. இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.டி. பருத்தியையும் துளைக்கத் தொடங்கிய பிறகு நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. மருந்து இருக்கத்தான் போகிறது என்றால், அதைத் தாங்குகிறவர் யார், தாங்காதவர் யார் என்று அறிந்துகொள்வதில் என்ன தவறு? பேருந்து ஓட்டுநருக்குக் கண் சோதனை செய்கிறோம். கண் தெரியாதவரை ஓட்ட விடுவதில்லை. அதை யாரும் அநியாயம் என்று சொல்வதில்லையே. பலவீனமான உடல்வாகு உள்ளவரைக் காப்பாற்றத்தானே சோதனை?

நுண்ணோக்கி:

நியாயமான கேள்வி, இதற்குச் சாதகமான சான்றையே முதலில் வைக்கிறேன். ஜிஎஸ்டிடி1 என்ற மரபணு மக்களில் ஒரு பகுதியினருக்கு இரண்டு பிரதியிலும் இல்லை. நஞ்சைக் கரைத்து வெளியேற்றும் ஒரு நொதியை ஆக்குவது அது. பாராகுவாட் களைக்கொல்லி பயன்படுத்திய அமெரிக்க விவசாயிகளிடையே நடுக்குவாத நோய் வரும் வாய்ப்பு, அந்த மரபணு உள்ளவர்களுக்கு ஏறத்தாழ 1.5 மடங்காகவும் இல்லாதவர்களுக்கு 11 மடங்காகவும் இருந்தது என்று 2012இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆராயப்பட்டவர்கள் சிலரே என்றாலும் வேறுபாடு பெரிது.

இதைப் படித்ததும் அந்த மரபணு இல்லாதவர்களை விலக்கிவிடலாம் என்று தோன்றும். இனி பான்1 என்ற இன்னொரு மரபணுவைப் பாருங்கள். குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகள் கல்லீரலில் ஆக்சான் என்ற வீரிய வடிவமாக மாறிய பிறகுதான் நரம்பைத் தாக்குகின்றன. அந்த ஆக்சானை உடைக்கும் நொதியை ஆக்குவது பான்1. அந்த நொதியின் 192ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறுவதால் இரண்டு வடிவங்கள் உண்டாகின்றன. ஒரு வடிவம் குளோர்பைரிபாஸ் ஆக்சானை வேகமாக உடைக்கிறது. அதே வடிவம் சாரின், சோமன் போன்ற நரம்பு நஞ்சுகளிடம் தோற்று, மற்ற வடிவம் வெல்கிறது. அதோடு, ஒரே வடிவம் கொண்ட இருவரிடமும்கூட இரத்தத்தில் நொதியின் அளவு பல மடங்கு வேறுபடும். அதே வகையைச் சேர்ந்த மோனோகுரோட்டோபாஸோ கல்லீரலில் மாற வேண்டிய தேவையே இல்லாமல் வந்த வடிவிலேயே தாக்கும். ஆகவே, இந்த மருந்துக்குத் தாங்குகிறவர் அந்த மருந்துக்கு வீழ்கிறார். உங்கள் கடையிலிருந்து வாங்கிச் செல்பவர் ஒரே தொட்டியில் இரண்டு மூன்று மருந்துகளைக் கலக்கிறார் என்பது உங்களுக்கே தெரியும். எந்த மரபணுவைப் பார்த்து எந்த வேலைக்கு யாரைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

ஓட்டுநரின் கண்ணோடு இதை ஒப்பிட முடியாததற்குக் காரணமும் இதில்தான் இருக்கிறது. கண் சோதனை, வேலை செய்யும் திறமையை அளக்கிறது. நீங்கள் கேட்கும் சோதனை, தீங்கை யார் உடலில் இறக்கலாம் என்று தேர்ந்தெடுக்கிறது. "தாங்குகிறவர்" என்று சான்று பெற்றவர் மறுநாள் கவசமில்லாமல் அனுப்பப்படுவார். விலக்கப்பட்டவர் கூலியை இழப்பார், ஆனால் அதே ஊரில் அதே காற்றை மூச்சிழுத்துக்கொண்டு இருப்பார். அமெரிக்காவில் ஒரு பெரிய ரயில் நிறுவனம், மணிக்கட்டு வலியோடு வந்த தொழிலாளர்களிடம் சொல்லாமலே மரபணுச் சோதனை செய்தது 2001இல் வெளிப்பட்டு வழக்கானது. வேலையிலும் காப்பீட்டிலும் மரபணுவைக் காட்டிப் பாகுபடுத்தக் கூடாது என்று 2008இல் அங்கே சட்டம் வந்தது. அதற்கு இணையான தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. பாராகுவாட் விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் 2007லும் பிரேசில் 2020லும் செய்தது, யாருக்கு மரபணு இல்லை என்று தேடாமல் மருந்தையே விலக்கியது.

நாற்றங்கால்:

விவசாயத் தொழிலாளர் பெண்களோடு வேலை செய்கிறேன். இந்த இழையில் இதுவரை மருந்தடிக்கும் ஆண்களைப் பற்றியே பேசியிருக்கிறோம். தெளிப்பானைச் சுமப்பது பெரும்பாலும் ஆண்கள்தாம். ஆனால் குடத்தில் தண்ணீர் சுமந்து மருந்து கலக்க உதவுவதும், அடித்த மறுநாளே ஈரம் காயாத செடிகளுக்கு நடுவில் குனிந்து களை எடுப்பதும், பிறகு பருத்தி எடுப்பதும், மருந்து நனைந்த வேட்டியையும் சட்டையையும் வீட்டில் மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைப்பதும் பெண்கள். எத்தனை நாள் கழித்து வயலுக்குள் இறங்கலாம் என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்வதில்லை.

நஞ்சு மூக்கு வழியாகத்தான் போகும் என்று எல்லோரும் துண்டை வாயில் கட்டிக்கொள்கிறார்கள். வயலில் அதிகமாக உள்ளே போவது தோல் வழியாக. பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியை வைத்து 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செய்த அளவீட்டில், முன்கைத் தோல் உறிஞ்சியதைப் போல ஏறத்தாழ 12 மடங்கை விதைப்பைத் தோல் உறிஞ்சியது. தெளிப்பான் ஒழுகி முதுகு வழியாக இடுப்புத்துணி நனைந்து, அதே துணியோடு மாலை வரைக்கும் நிற்பவரின் நிலைமையை இதிலிருந்து அறிந்துகொள்ளலாம். ஒழுகும் வாஷரை மாற்றுவதும், மாற்றுத்துணி கொண்டுபோவதும், வயல் ஓரத்திலேயே சோப்புப் போட்டுக் குளிப்பதும் எந்த மரபணுச் சோதனையைவிடவும் உடனே பயன் தரும்.

கருவுற்ற பெண்களைப் பற்றி ஒன்று. கலிபோர்னியாவின் சாலினாஸ் பள்ளத்தாக்கில், வயல் வேலைக் குடும்பங்களைச் சேர்ந்த தாய்மார்களைக் கருவுற்ற காலத்திலிருந்தே தொடர்ந்து ஆராய்ந்தார்கள். தாயின் சிறுநீரில் ஆர்கனோபாஸ்பேட் எச்சம் மிக அதிகமாக இருந்த ஐந்தில் ஒரு பங்கினரின் பிள்ளைகள், மிகக் குறைவாக இருந்தவர்களின் பிள்ளைகளைவிட 7 வயதில் நுண்ணறிவு அளவீட்டில் சராசரியாக 7 புள்ளி பின்தங்கியிருந்தது 2011இல் வெளிவந்தது. பிறந்த குழந்தையிடம், மேலே ஐயா குறிப்பிட்ட அந்தப் பான்1 நொதி பெரியவர்களிடம் இருப்பதைவிட மிகக் குறைவு என்பதையும் அதே ஆய்வுக் குழு அளந்து காட்டியது. அப்படியென்றால் எந்த மரபணுவோடு பிறந்தாலும் எல்லாக் குழந்தையும் தாங்காத பிரிவில்தானே இருக்கிறது? கருவுற்ற பெண்ணைக் களையெடுப்புக்கு அழைக்காமல் இருந்தால் மட்டும் போதாது. அவளுக்கு அந்த நாட்களின் கூலிக்கு வழி வேண்டும்.

தொழிற்சட்டம்:

பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968இல் வந்தது, அதன் விதிகள் 1971இல் வந்தன. விதி 37ஐ இங்கே எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று தெரியவில்லை. பூச்சிக்கொல்லி தயாரிப்பில் மட்டுமன்றித் தெளிப்பு வேலையில் ஈடுபடுபவர்களையும் வேலைக்கு அமர்த்தும் முன்பும், பிறகு காலாண்டுக்கு ஒருமுறையேனும் மருத்துவர் பரிசோதித்துப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகை என்றால் இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் அளவை மாதம் ஒருமுறையேனும் பார்க்க வேண்டும். ஆனால் இந்த மாதாந்தரச் சோதனை உற்பத்தி ஆலையில் வேலை செய்பவர்களுக்கு மட்டும்தான். ஆலைக்குள் மூடிய குழாய்களுக்கு நடுவே நிற்பவருக்கு மாதம் ஒருமுறை சோதனை; அதே மருந்தை முதுகில் சுமந்து திறந்த வெளியில் அடிப்பவருக்கு அது கிடையாது.

அந்தக் காலாண்டுச் சோதனையும் வயலுக்கு வந்ததில்லை. வேலைக்கு அமர்த்துபவரே மருத்துவரை ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது விதி. ஒன்றரை ஏக்கர் பருத்தி வைத்திருப்பவர் இரண்டு நாள் கூலிக்கு அமர்த்திய ஒருவருக்கு எந்த மருத்துவரை ஏற்பாடு செய்வார்? சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், தென்னிந்தியாவில் விசாரித்த 631 விவசாயிகளில் 88 விழுக்காட்டினர் மருந்தைக் கையாளும்போது எந்தப் பாதுகாப்பும் அணிவதில்லை என்று தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோர் தங்கள் வயலுக்குத் தாங்களே தெளிப்பவர்கள். முதலாளி என்று சுட்டுவதற்கு அங்கே வேறு ஆளே இல்லை. ஆகவே பொறுப்பு அரசின் பொதுச் சுகாதாரத் துறையிடம் போகாமல் இந்த விதி உயிர்பெறாது என்பது என் உறுதியான கருத்து.

மாவட்ட மருத்துவர்:

அரசு மருத்துவமனையில் நஞ்சேற்றப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், மேலே வழக்கறிஞர் குறிப்பிட்ட கோலினெஸ்டரேஸ் சோதனையைப் பற்றி விளக்குகிறேன். மகசூல் ஐயா கேட்ட கேள்விக்கும் பதில் இதில்தான் இருக்கிறது என்று கருதுகிறேன்.

நரம்பு முனையில் செய்தி கடந்த பிறகு அதை அணைப்பது கோலினெஸ்டரேஸ் நொதி. ஆர்கனோபாஸ்பேட்டும் கார்பமேட்டும் அதை முடக்குகின்றன. அந்த நொதியின் இயல்பான அளவு ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடும். தென்னிந்தியாவில் ஒரு குறிப்பிட்ட சமூகத்தில், பிளாஸ்மா வகை (இரத்தத்தின் நீர்ப்பகுதியில் இருக்கும்) நொதி பிறவியிலேயே மிகக் குறைவாக இருப்பவர்கள் உண்டு. மயக்க மருத்துவர்கள் இதை நன்கு அறிவார்கள், ஏனெனில் தசைத் தளர்ச்சிக்குக் கொடுக்கும் ஒரு மருந்திலிருந்து அவர்கள் மீண்டுவர மணிக்கணக்காகும். அப்படிப்பட்டவரின் இரத்தத்தை ஒரே ஒருமுறை சோதித்துவிட்டு, மருந்து பட்டிருக்கிறது என்று சொன்னால் அது தவறு. அதேபோல், இயல்பாகவே மிக உயர்ந்த அளவு கொண்ட ஒருவர் அதில் மூன்றில் ஒரு பங்கை இழந்த பிறகும் அறிக்கையில் "இயல்பு" என்றே வரும். இதுவும் தவறுதான், முன்னதைவிட ஆபத்தானதும்கூட.

கலிபோர்னியா இதை 1974இலேயே புரிந்துகொண்டு வழிசெய்தது. மருந்து தொடாத காலத்தில் ஒவ்வொரு தெளிப்பாளரின் அடிப்படை அளவையும் எடுத்து வைத்துவிடுகிறார்கள். பிறகு பருவத்தில் அவ்வப்போது சோதித்து, அவருடைய சொந்த அளவோடு ஒப்பிடுகிறார்கள். 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் வேலை நடக்கும் முறையை ஆராய வேண்டும். சிவப்பணு நொதி 70 விழுக்காட்டுக்கோ பிளாஸ்மா நொதி 60 விழுக்காட்டுக்கோ இறங்கினால் அவரை மருந்துவேலையிலிருந்து விலக்கி, மீண்டும் 80க்கு ஏறிய பிறகே அனுமதிக்க வேண்டும். இதில் யாருடைய மரபணுவையும் படிக்கத் தேவையில்லை. பிறவி வேறுபாடு எதுவாக இருந்தாலும் அது அடிப்படை அளவுக்குள் அடங்கிவிடுகிறது. அவரவருக்கு அவரவரே அளவுகோல்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் திட்டம் மருந்து கலப்பவர், நிரப்புபவர், தெளிப்பவர் ஆகியோருக்கு மட்டும்தான். நாற்றங்கால் அம்மையார் சொன்ன களையெடுப்பவர்கள் அங்கேயும் விடுபட்டிருக்கிறார்கள். பைரித்ராய்டு, எமாமெக்டின், கிளைபோசேட் போன்றவற்றுக்கு இந்தச் சோதனை எதையும் காட்டாது. டிஎன்ஏ சேதத்தையும் இது நேரடியாக அளக்காது. உடம்புக்குள் எவ்வளவு போகிறது என்பதை ஒருவகை மருந்துக்கு மட்டும் காட்டும் எச்சரிக்கை மணி அது. ஆனாலும் உள்ளே போவது குறைந்தால் நரம்புக்கும் டிஎன்ஏவுக்கும் சேர்த்தே நன்மை. பிளாஸ்மா கோலினெஸ்டரேஸ் சோதனை நஞ்சு குடித்து வருபவர்களுக்காக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஏற்கெனவே செய்யப்படுவதுதான். புதிதாகக் கருவி எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

மகசூல்:

பதில்களுக்கு நன்றி. மரபணுவைப் பார்த்து ஆள் பிரிப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்பதை ஏற்கிறேன். ஆனால் மருத்துவர் ஐயா சொல்லும் திட்டத்தில், அளவு இறங்கியவரை இரண்டு மூன்று வாரம் வேலையிலிருந்து நிறுத்தினால் அவர் கூலிக்கு எங்கே போவார்? கூலி போகும் என்று தெரிந்தால் எவரும் இரத்தம் கொடுக்க வர மாட்டார்கள். வந்தாலும் நிறுத்தியதும் பக்கத்து ஊருக்குப் போய் அடிப்பார்கள்.

நாற்றங்கால்:

அண்ணா சொல்வது முழுக்க உண்மை. மருந்தில்லாத வேறு வேலையை அந்த வாரங்களில் உறுதிசெய்ய வேண்டும். நூறு நாள் வேலைத் திட்டத்தில் விண்ணப்பித்த 15 நாளுக்குள் வேலை தர வேண்டும் என்று சட்டம் வந்தபோதே சொல்லியிருக்கிறார்கள். மருத்துவர் சீட்டோடு வருபவருக்கு முன்னுரிமை கொடுக்க ஊராட்சி முனைந்தால் வழி பிறக்கும். சோதனையையும் மாற்று வேலையையும் ஒரே தீர்மானத்தில் கேளுங்கள். தனித்தனியாகக் கேட்டால் முதலாவது கிடைத்து இரண்டாவது கிடைக்காமல் போகும், அது தொழிலாளர்களுக்குத் தண்டனையாக முடியும்.

கரிசல்மேடு:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஆகஸ்ட் 15 கிராம சபையில் வைப்பதற்காகக் கீழ்க்கண்ட வரைவை எழுதியிருக்கிறேன். திருத்தங்கள் இருந்தால் சொல்லுங்கள்.

"நமது ஊராட்சியில் கூலிக்கோ சொந்த நிலத்திலோ பூச்சிக்கொல்லி தெளிக்கும் அனைவருக்கும் பருவத் தொடக்கத்தில் ஆரம்பச் சுகாதார நிலையத்தின் வழியாகக் கோலினெஸ்டரேஸ் அடிப்படை அளவு எடுத்துப் பதிவு செய்யவும், தெளிப்புக் காலத்தில் மாதம் ஒருமுறை மீண்டும் சோதிக்கவும், அளவு இறங்கியவர்களுக்கு மருந்து தொடாத மாற்று வேலை உடனே வழங்கவும், இந்தப் பதிவுகளை வேலைக்கு ஆள் எடுப்பவர் உட்படப் பிறர் எவரிடமும் காட்டாமல் காக்கவும் மாவட்ட நிர்வாகத்தை இக்கிராம சபை கேட்டுக்கொள்கிறது."

மாவட்ட மருத்துவர்:

இரண்டு திருத்தங்கள். "பருவத் தொடக்கத்தில்" என்று விடாதீர்கள். "கடைசியாக மருந்து தொட்டதிலிருந்து குறைந்தது 30 நாள் கழிந்த பின், முதல் தெளிப்புக்கு முன்" என்று எழுதுங்கள். விதைப்புக்கு முன்பு யாரேனும் காய்கறிக்கோ நெல்லுக்கோ அடித்திருந்தால் அடிப்படை அளவே தாழ்ந்து பதிவாகி, பிறகு வரும் எல்லா ஒப்பீடும் பிழையாகிவிடும். "தெளிக்கும் அனைவருக்கும்" என்பதோடு "தெளித்த வயலில் களையெடுக்கும், பருத்தி எடுக்கும் பெண்களுக்கும்" என்று சேருங்கள்.

தொழிற்சட்டம்:

விதி 37ஐத் தீர்மானத்தின் முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள். இல்லையென்றால் இதைச் சலுகைக் கோரிக்கையாக எடுத்துக்கொண்டு நிதி இல்லை என்று பதில் எழுதுவார்கள். நகலை மாவட்ட ஆட்சியருக்கும், வேளாண் இணை இயக்குநருக்கும், மாவட்டச் சுகாதார அலுவலருக்கும் ஒரே நாளில் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டுகளை எடுத்து வையுங்கள்.